கோல்லத்தை என்ன செய்வது?

எழுதத் தொடங்கியிருக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது. சுருக்கமாகத் தருகிறேன்: “ஃபேண்டசி கதைகளில் நல்லவன், கெட்டவன் என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத பாத்திரங்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவர்களில் உண்மையிலேயே நன்றாக அமைந்தவர்கள் யார், எதனால் அப்படி அமைந்தார்கள்? நானும் அப்படி ஒருவனை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் ஒரு மாய ஊற்றின் காவலன். பஞ்சத்தில் ஒரு கிராமத்துக்குத் தண்ணீரை அடைத்துவிட்டு மற்ற மூன்று கிராமங்களைப் பிழைக்க வைக்கிறான். படித்த நண்பர்கள் எல்லோரும் இவன் வெறும் வில்லன் என்கிறார்கள். அதனால் சின்ன வயதில் அவன் அம்மாவை இழந்ததை ஒரு அத்தியாயமாகச் சேர்த்தேன். அப்படியும் சரிவரவில்லை.”

அந்த அம்மா அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

‘கிரே ஷேட்’ உள்ள பாத்திரம் என்றதும் நாம் வழக்கமாகச் செய்வது ஒரு கூட்டல் கழித்தல். இத்தனை கெட்டது செய்தான், இத்தனை நல்லது செய்தான், கூடவே மனதைப் பிசையும் ஒரு கடந்தகாலம். எல்லாவற்றையும் தராசில் போட்டால் முள் நடுவில் நிற்க வேண்டும். இப்படி எழுதப்பட்ட பாத்திரங்கள் எனக்குப் புத்தகத்தை மூடியதும் மறந்துபோகின்றன. மறக்காமல் நிற்பவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தால், அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற சந்தேகமே எனக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. அவர்கள் செய்தது தப்பு என்று தெரியும். குழப்பம் அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது: சரி, இந்த ஆளை இப்போது என்ன செய்வது? கொல்வதா, விடுவதா, கூட அழைத்துக்கொண்டு போவதா, நம்புவதா? கதைக்குள் யாரோ ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலுக்கு விலையும் கொடுக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் போய் நிற்கும் இடம் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் நாவல்களில் வரும் குகைப்பிராணி கோல்லம். எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம்தான். ஆனால் அது உருவான விதம் பலருக்குத் தெரியாது.

‘தி ஹாபிட்’ முதலில் 1937இல் வெளிவந்தது. அந்த முதல் பதிப்பின் கோல்லம் நமக்குத் தெரிந்த கோல்லம் இல்லை. இருட்டுக் குகையில் கதைநாயகன் பில்போவோடு விடுகதைப் போட்டி நடக்கிறது. கோல்லம் தோற்றால் ஒரு பரிசு தர வேண்டும் என்பது பேச்சு. பரிசாகத் தர நினைத்தது தன்னிடம் இருந்த ஒரு மாய மோதிரத்தைத்தான். தோற்றதும் போய்த் தேடுகிறது, காணவில்லை. அது ஏற்கெனவே பில்போவின் சட்டைப்பையில் இருக்கிறது. கோல்லம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறது. பரிசுக்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டும்படி பில்போ கேட்க, காட்டியும் விடுகிறது. பிரிந்து போகிறார்கள். ஆளைத் தின்னும் பிராணிதான், ஆனால் சொன்ன சொல் மாறாத பிராணி.

பிறகு டோல்கீன் அடுத்த கதையை எழுதத் தொடங்கினார். அந்தச் சாதாரண மாய மோதிரம் உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய மோதிரமாக வளர்ந்தது. அதை வைத்திருப்பவர் யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்புறம் எப்படி கோல்லம் அதைப் பரிசாகத் தர முன்வந்திருக்கும்? அதனால் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி 1947இல் பதிப்பாளருக்கு ஒரு மாதிரியாக அனுப்பினார். 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதுவே அச்சேறியது. நாம் இன்று படிப்பது இந்த வடிவத்தை.

புதிய வடிவத்தில் கோல்லம் தோற்றபின் பில்போவைக் கொல்ல நினைக்கிறது. மோதிரம் போனது தெரிந்ததும் வெறிபிடித்துத் துரத்துகிறது. மோதிரத்தைப் போட்டுக்கொண்ட பில்போ கண்ணுக்குத் தெரியாமல் கையில் வாளோடு நிற்கிறான். வெளியேறும் வழியை மறித்தபடி கோல்லம் குந்தியிருக்கிறது. குத்திவிட்டால் வேலை முடிந்தது. அந்த நொடியில் பில்போவுக்கு அந்தப் பிராணியின் நாட்கள் எப்படிப்பட்டவை என்று சட்டென்று புரிகிறது. வெளிச்சம் இல்லாத, மாற்றம் இல்லாத, கல்லும் குளிருமான நாட்கள். அவன் குத்தவில்லை. அதன் தலைக்கு மேலே தாவிக் குதித்து ஓடிவிடுகிறான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரக்கக் காட்சி 1937 பதிப்பில் இல்லை. இருக்க வேண்டிய தேவையே அங்கே வரவில்லை, ஏனென்றால் அந்தக் கோல்லம் வழிகாட்டி அனுப்பிவைத்துவிடுகிறது. கோல்லத்தைக் கொடியதாக மாற்றியபோதுதான் பில்போவுக்கு இரக்கப்பட ஒரு சந்தர்ப்பம் பிறந்தது. டோல்கீன் கோல்லத்தோடு நல்ல குணம் எதையும் சேர்த்துக் கலக்கவில்லை. இருந்த நல்ல குணத்தையும் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அது நம்மை விடாமல் தொந்தரவு செய்யும் பாத்திரமாயிற்று.

இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. பழைய பதிப்பைப் படித்தவர்கள் உலகத்தில் ஏற்கெனவே இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு என்ன சொல்வது? டோல்கீன் பழைய வடிவத்தைப் பில்போ சொன்ன பொய்யாக ஆக்கிவிட்டார். மோதிரம் எனக்குப் பரிசாக வந்தது என்று பில்போ தன் நண்பர்களிடம் சொல்லிவைத்திருக்கிறான், குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறான். கோல்லமும் தன் பங்குக்கு அதைத் தன் பிறந்தநாள் பரிசு என்று சொல்லித் திரிகிறது. இரண்டு பொய்களும் இப்படி ஒத்துப்போவது மந்திரவாதி கண்டால்ஃபுக்குக் கலக்கத்தைத் தருகிறது. நல்ல பிள்ளை பில்போவும் அந்தக் குகைப்பிராணியும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள்! ஒரு திருத்தத்தை மறைக்கப் போட்ட ஒட்டு, பில்போவுக்கும் கோல்லத்துக்கும் நடுவில் இருந்த சுவரைக் கொஞ்சம் இடித்துவிட்டது.

1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறது. கோல்லத்தின் முன்கதை அங்கே வருகிறது. அவன் பெயர் ஸ்மியாகோல். தன் பிறந்தநாளன்று, ஆற்றிலிருந்து மோதிரத்தை எடுத்த நண்பன் டியாகோலைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். மோதிரம் கண்ணில் பட்டுச் சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. அப்படியானால் கொன்றது மோதிரமா, ஸ்மியாகோலா? அதே மோதிரம் கிடைத்த முதல் நாளில் பில்போ ஓர் உயிரைக் கொல்லாமல் விட்டான். அப்படித் தொடங்கியதால்தான் அது அவனை அவ்வளவாகக் கெடுக்கவில்லை என்பது கண்டால்ஃபின் கணக்கு. ஃபேண்டசி எழுதுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. தீமையை ஒரு பொருளாகச் செய்து கையில் கொடுத்துப் பார்க்கலாம். பொருள் பாதி செய்யும், கை பாதி செய்யும். எது எவ்வளவு என்று அளந்துவிட முடியாதபடி எழுதுவதில்தான் திறமை.

பில்போவின் வாரிசு ஃப்ரோடோ மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கப் புறப்படுகிறான்; கூட வேலைக்காரன் சாம், வழிகாட்டியாகக் கோல்லம். இப்போது ஃபாரமிர் என்ற படைத்தலைவன் வரும் இடத்துக்குப் போவோம். மறைவான ஒரு குளம். அங்கே அனுமதியில்லாமல் நுழைகிறவர்களுக்குத் தண்டனை மரணம். கோல்லம் அதில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. வில்லாளிகள் குறிவைத்து நிற்கிறார்கள். அதன் உயிரைக் காப்பாற்ற ஃப்ரோடோவுக்கு ஒரே வழி, தானே இறங்கிப்போய் நல்ல வார்த்தை பேசி அதைக் கூப்பிட்டு, காவலர்கள் பிடிக்கும்படி செய்வது. அப்படியே செய்கிறான். காப்பாற்றத்தான் செய்தான். ஆனால் கோல்லத்தின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நம்பிய எஜமான் ஆசைகாட்டிக் கூப்பிட்டுப் பிடித்துக்கொடுத்துவிட்டான். ஃப்ரோடோவுக்கும் அது துரோகம் போலவே உறுத்துகிறது. இரக்கத்துக்கும் துரோகத்துக்கும் ஒரே முகம் இருக்கும் காட்சி அது. இவ்வளவு கச்சிதமான காட்சியை நான் வேறு ஃபேண்டசி நாவலில் படித்ததில்லை.

அடுத்தது மலைப்படிக்கட்டு. கோல்லம் அவர்களை ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஃப்ரோடோவும் சாமும் களைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அதன் முகம் மாறுகிறது. கண்களின் வெளிச்சம் அவிந்துபோகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெதுவாகத் தொடுகிறது. அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால், காலம் கடந்தும் சாகக் கொடுத்துவைக்காத ஒரு களைத்த கிழவன் என்றுதான் நினைத்திருப்பார்கள். சாம் கண்விழிக்கிறான். தொடுவது மட்டும் தெரிகிறது. திருட்டுத்தனமாக என்ன செய்கிறாய் என்று அதட்டுகிறான். அவ்வளவுதான், அந்த முகம் மறைந்துவிடுகிறது. கதை முழுவதிலும் மிகத் துயரமான தருணம் அதுதான் என்று டோல்கீன் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

சாமைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. சாமுக்கு எஜமான் மீது உயிர். கோல்லத்தைப் பற்றி அவன் சந்தேகப்பட்டதெல்லாம் சரியாகவே இருந்தது. அது அன்று மாலை அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தது. ஆனாலும் அந்த ஒரு கடுஞ்சொல் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைப் படித்த நாளிலிருந்து சுமக்கிறேன். கவனியுங்கள், இங்கே நம் மனக்குழப்பம் கோல்லத்தைப் பற்றி மட்டும் இல்லை. அது சாமின் நேர்மையையும் தொட்டுவிட்டது.

கடைசியில் எரிமலை வாயில் நடந்தது தெரிந்ததுதான். ஃப்ரோடோ மோதிரத்தை நெருப்பில் எறிய மறுத்துத் தனதாக்கிக்கொள்கிறான். கோல்லம் அவன் விரலைக் கடித்து எடுத்து, ஆனந்தக் கூத்தாடித் தவறி விழுகிறது. உலகம் பிழைக்கிறது. ஃப்ரோடோ தோற்றான் என்பதைக் கவனித்தவர்களே குறைவு என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். கவனித்த ஒருவர், ஃப்ரோடோவைக் கௌரவித்திருக்கக்கூடாது, துரோகி என்று தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்கிற தொனியில் அவருக்குக் கோபமாக எழுதினாராம். அந்த வாசகரின் கோபத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. பில்போ, கண்டால்ஃப், ஃப்ரோடோ, ஃபாரமிர், கடைசி ஏற்றத்தில் சாமும்கூட, ஒவ்வொருவராகக் கோல்லத்தைக் கொல்லாமல் விட்டார்கள். விட்டதற்கு ஒவ்வொருவரிடமும் காரணம் வேறு. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மோதிரம் அழிந்திருக்காது. அதே சமயம் கோல்லம் திருந்தவும் இல்லை. அது நன்மைக்காக எதையும் செய்யவில்லை. தன் பேராசையோடேயே விழுந்து செத்தது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சமாதானப்படுத்த டோல்கீன் முயற்சியே செய்யவில்லை.

இதே நாவலில் ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பறிக்கப் பார்த்த வீரன் போரோமிரையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். எனக்கு அவன் மேல் பிரியம் உண்டு. ஆனால் அவன் தவறினான், உணர்ந்தான், சின்னவர்கள் இருவரைக் காக்கச் சண்டையிட்டு இறந்தான். தோழன் அரகார்ன் அவனுக்கு ஆறுதல் சொல்லிக் கண்மூட வைக்கிறான். கணக்கு தீர்ந்துவிட்டது. அவனை என்ன செய்வது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையில் வரும் வீரன் ஜேமி லானிஸ்டருக்கு வருவோம். 1996இல் வந்த முதல் நாவலின் தொடக்கத்திலேயே அவன் ஏழு வயதுப் பையன் பிரானைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். தன் கள்ள உறவைப் பார்த்துவிட்டான் என்பதற்காக. பையனின் கால்கள் போய்விடுகின்றன. மூன்றாவது நாவல் வந்தது 2000இல். அதில்தான் முதன்முறையாக ஜேமியின் கண்வழியாக அத்தியாயங்கள் வருகின்றன. அவன் வலது கை வெட்டப்படுகிறது. வெந்நீர்த் தொட்டியில் காய்ச்சலோடு கிடந்தபடி பிரியென் என்ற பெண் வீரரிடம், தான் பதினேழு வயதில் ஏன் அரசனைக் கொன்றேன் என்று சொல்கிறான். காக்கச் சத்தியம் செய்த அரசனையே கொன்றவன் என்று ஊரே அவனைத் தூற்றுகிறது. ஆனால் அந்த அரசன் தலைநகரம் முழுவதையும் எரித்துவிட நிலத்தடியில் ‘வைல்ட்ஃபயர்’ என்ற எரிதிரவப் பானைகளைப் புதைத்து, கொளுத்தச் சொல்லியிருந்தான். ஜேமி கொன்றது அதைத் தடுக்க. இதை அவன் வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

இதைப் படித்ததும் லட்சக்கணக்கான வாசகர்கள் ஜேமியை மன்னித்துவிட்டார்கள். எனக்கும் அன்று தொண்டை அடைத்தது. ஆனால் மறுவாசிப்பில்தான் மார்ட்டின் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. நியாயம் சொல்லப்பட்டது எந்தக் குற்றத்துக்கு? அரசனைக் கொன்றதற்கு. பிரானைத் தள்ளியதற்கு ஒரு நியாயமும் வரவில்லை. நாம்தான் ஒரு குற்றத்துக்கான விளக்கத்தை எடுத்து இன்னொரு குற்றத்தின் மேல் போர்த்திவிட்டோம். மார்ட்டின் போர்த்தவில்லை. பிரானின் அத்தியாயங்கள் நடுநடுவே வந்துகொண்டேதான் இருக்கின்றன. நடக்க முடியாத அந்தப் பையனை ஒருவன் முதுகில் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறான். ஜேமியை நமக்குப் பிடிக்கத் தொடங்கும் பக்கங்களிலும் பிரான் சுமக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறான்.

2005இல் வந்த நான்காவது நாவலில் இதைவிடச் சிக்கலான ஒரு காரியம். பிரானின் ஸ்டார்க் குடும்பத்துக்கும் அவன் அம்மாவின் டல்லி குடும்பத்துக்கும் எதிராக ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று ஜேமி சத்தியம் கொடுத்திருக்கிறான். டல்லிகளின் கோட்டையை முற்றுகையிட வேண்டிய பொறுப்பும் அவன் தலையிலேயே விழுகிறது. என்ன செய்கிறான்? கோட்டை உரிமையாளன் எட்மியூரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சரணடையாவிட்டால் உன் மனைவிக்குப் பிறக்கப்போகும் குழந்தையைக் கவண்பொறியில் வைத்து மதிலுக்குள் எறிவேன் என்கிறான். கோட்டை சண்டை இல்லாமல் விழுகிறது. சத்தியம் காப்பாற்றப்பட்டது, உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. ஆனால் எந்த வாயால் அதைச் சாதித்தான்? குழந்தையை ஜன்னலிலிருந்து தள்ளியவன் சொன்னால் எட்மியூர் நம்பத்தானே செய்வான்! அவன் பழைய பாவம்தான் இங்கே அவன் புதிய நற்செயலுக்குக் கருவி. இந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. ஐந்தாம் நாவல் 2011இல் வந்ததோடு நிற்கிறது. ஜேமி எங்கே போய் முடிவான் என்று நமக்குத் தெரியாதது ஒருவகையில் அவனுக்கு நல்லதுதான் என்றுகூட நினைக்கிறேன்.

ஸ்னேப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். ஹாரி பாட்டர் வரிசையில் மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்னேப் யார் பக்கம் என்பது 2007இல் வந்த ஏழாம் புத்தகம் வரை தெரியாது. இது நல்ல ரகசியம். ஆனால் ரகசியம் வேறு, நான் பேசிக்கொண்டிருப்பது வேறு. ரகசியம் உடைந்ததும் தீர்ந்துபோகும். ஸ்னேப்பிடம் தீராமல் மிஞ்சுவது என்னவென்றால், உயிரைப் பணயம் வைத்து வருடக்கணக்கில் உளவு வேலை பார்த்த அதே மனிதர், வகுப்பில் நெவில் என்ற பயந்த பையனை எப்படி நடத்தினார் என்பது. உனக்கு உலகத்திலேயே மிகவும் பயம் எது என்று காட்டும் மாயப்பிராணியின் முன்னால் நெவில் நிற்கும்போது, அது ஸ்னேப்பின் உருவத்தைத்தான் எடுக்கிறது. அந்தப் பையனின் பெற்றோரைச் சித்திரவதை செய்து நினைவிழக்கச் செய்தவர்களின் உருவத்தை எடுக்கவில்லை! வீரமும் சிறுமையும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு அது போதும். கடைசியில் ஹாரி தன் மகனுக்கு அவர் பெயரை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நெவிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உர்சுலா லெ குவினின் ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ 1971இல் வந்தது, மெல்லிய புத்தகம். இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். டெனார் என்ற சிறுமியைக் குழந்தையிலேயே பெற்றோரிடமிருந்து எடுத்துவந்து, இருட்டுத் தெய்வங்களின் பூசாரிணியாக வளர்க்கிறார்கள். அவள் பெயரையும் பறித்துவிடுகிறார்கள். பருவம் வந்ததும் அவளிடம் மூன்று கைதிகளைக் காட்டி, எப்படிப் பலிகொடுப்பது என்று கேட்கிறார்கள். உணவும் தண்ணீரும் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள் என்கிறாள். அதன்பின் அவளுக்குத் தூக்கத்தில் கெட்ட கனவுகள். கதையின் முடிவில் அந்த இருட்டிலிருந்து தப்பித்து வெளியே வந்ததும் அவள் விடுதலையைக் கொண்டாடவில்லை. மூன்று பேரைக் கொன்றேன், என்னை ஏதாவது ஆளில்லாத தீவில் விட்டுவிடு என்று அழுகிறாள். நீ தீமையின் பாத்திரமாக இருந்தாய், அது கொட்டிப்போயிற்று என்கிற பொருளில் அவளோடு தப்பிவந்த மந்திரவாதி கெட் பதில் சொல்கிறான். அழகான பதில். ஆனால் அந்த மூன்று பேர் அதைக் கேட்க முடியாது என்பது டெனாருக்குத் தெரியும். இவளை என்ன செய்வது என்ற கேள்வியை இங்கே பிறர் கேட்கவில்லை. அவளே தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறாள்.

உங்கள் அம்மா அத்தியாயம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஜோ அபர்கிராம்பியின் குளோக்டா நல்ல மறுமொழி. 2006இல் தொடங்கிய அந்த நாவல் வரிசையில் குளோக்டா ஒரு காலத்து வாள்வீரன். எதிரிகளிடம் பிடிபட்டு இரண்டு வருடம் சித்திரவதை. பற்கள் போய், கால் ஊனமாகித் திரும்பியவன் என்ன வேலைக்குப் போகிறான் தெரியுமா? சித்திரவதை செய்யும் விசாரணை அதிகாரியாக. வலி அவனுக்கு இரக்கத்தைக் கற்றுத்தரவில்லை, தொழிலைக் கற்றுத்தந்தது. ஏன் இதைச் செய்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் கிடைப்பதில்லை. துன்பப்பட்ட கடந்தகாலம் ஒருவனை விளக்கும், ஆனால் விடுவிக்காது. உங்கள் வாசகர்கள் அந்த அத்தியாயத்தைப் படித்ததும், என்னிடம் மன்னிப்பு வாங்கப் பார்க்கிறார் ஆசிரியர் என்று முகம் திருப்பியிருப்பார்கள். திருப்பியது சரி.

மாயத்தின் மேல் பழி போடும் ஆசையும் வரும். 1961இல் மைக்கேல் மூர்காக் உருவாக்கிய எல்ரிக் என்ற அரசனிடம் ஆன்மாக்களைக் குடிக்கும் வாள் இருக்கிறது. அது அவன் காதலித்த பெண்ணையே அவன் கையால் கொன்றுவிடுகிறது. வாள் செய்தது என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் தன் சொந்த நகரத்தின் மேல் படையெடுத்து வந்ததும், கூட வந்த கூட்டாளிகளைக் கைவிட்டுத் தப்பியதும் எல்ரிக்தான், வாள் இல்லை. உங்கள் ஊற்றுக்கு மாயம் இருக்கட்டும். தண்ணீரை அடைக்கும் முடிவை மட்டும் ஊற்று எடுத்துவிடக் கூடாது.

உங்கள் கதைக்கு மிகவும் நெருங்கிய உறவு, நான் சொல்லப்போகும் கடைசி ஆள்தான்: ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’, 1997இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். அதில் எபோஷி என்ற பெண் ஓர் இரும்பு உருக்கும் ஊரை நடத்துகிறாள். விலைமாதர் விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டுக் கொண்டுவந்து வேலையும் மரியாதையும் கொடுத்திருக்கிறாள். தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டியவள் அவள் ஒருத்திதான் என்று படுத்த படுக்கையான ஒரு நோயாளி சொல்கிறார். அந்த ஊருக்கு மணலும் கரியும் காட்டை அழித்துத்தான் வருகின்றன. காட்டுத் தெய்வங்களைத் துப்பாக்கியால் சுடுகிறாள். அவள் சுட்ட குண்டுதான் ஒரு காட்டுப்பன்றித் தெய்வத்தைப் பேயாக்கி, எங்கோ தொலைவில் இருந்த அஷிதாகா என்ற இளைஞனின் கையில் உயிர்கொல்லும் சாபமாக இறங்கியது.

அஷிதாகா அவள் முன்னால் வந்து நிற்கிறான். சாபம் பிடித்த கை தானாக வாளை உருவப் பார்க்கிறது. அவன் மற்றக் கையால் அதைப் பிடித்து நிறுத்துகிறான். உன்னைக் கொன்றால் சாபம் தீரும் என்றால் கையை அதன் போக்கில் விட்டிருப்பேன், ஆனால் அதோடு இது நின்றுவிடாது என்கிறான். பக்கத்தில் அவள் காப்பாற்றிய நோயாளிகள் துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். அவளால் சாகப்போகிறவனும் அவளால் வாழ்கிறவர்களும் ஒரே அறையில்! மியாசாகி எபோஷியின் சிறுவயதைச் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை. அந்த அறை போதுமாக இருந்தது. முடிவில் அவள் ஒரு கையை இழக்கிறாள். அவள் வேட்டையாடிய ஓநாய்களில் ஒன்று முதுகில் சுமந்து அவளைக் கரை சேர்க்கிறது. திரும்பவும் தொடங்குவோம், நல்ல ஊராகக் கட்டுவோம் என்கிறாள். நம்பலாமா? எனக்கு நம்ப ஆசையாக இருக்கிறது. அந்த ஊரில் இருந்தால் நம்பியிருப்பேன். காட்டில் இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இப்போது உங்கள் காவலனுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் தண்ணீர் அடைக்கப்பட்ட கிராமம் வெறும் எண்ணாக நிற்கிறது: மூன்றுக்கு ஒன்று. எண்ணாக இருக்கும்வரை வாசகருக்கு இரண்டே வழிகள்தான். கணக்குச் சரி என்பார்கள், அல்லது இவன் கொடியவன் என்பார்கள். அந்தக் கிராமத்திலிருந்து ஒருத்தியைப் பிழைக்க வையுங்கள். பெயர் கொடுங்கள். அவளுக்குத் தனி அத்தியாயங்கள் கொடுங்கள், மார்ட்டின் பிரானுக்குக் கொடுத்தது போல. பிழைத்த மூன்று கிராமங்களையும் சும்மா விடாதீர்கள். அவர்கள் குடித்த தண்ணீர் எங்கிருந்து மிச்சமானது என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தபின்னும் காவலனுக்கு வருடாவருடம் நெல் அளக்கிறார்களா? ஒரு கிழவி மட்டும் அளக்க மறுக்கிறாளா?

கூடவே அவனைக் கணக்கில் கொஞ்சம் தப்பு செய்ய விடுங்கள். அடைத்த பத்தாம் நாள் மழை வந்திருக்கலாம். பொறுத்திருந்தால் நாலு ஊரும் பிழைத்திருக்குமோ என்று அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு உறுத்தல். அதை அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். தினமும் காலையில் ஊற்றின் மட்டத்தைக் கோலால் அளக்கும்போது அவன் கை எவ்வளவு நேரம் தண்ணீரிலேயே நிற்கிறது என்று எழுதினால் போதும்.

பிறகு அந்தப் பெண் பல வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு அவன் ஊற்றுக்கு வருகிறாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரிகிறது, அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவன் குடத்தை வாங்கி நிரப்பி அவள் தலையில் தூக்கிவிடுகிறான், எல்லோருக்கும் செய்வது போல. அவள் இடுப்பில் அரிவாள் இருக்கிறது. குழந்தைக்குத் தாகம். அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கிப் பாருங்கள்.